பேய்த்துறைக்கு இரண்டு டிக்கெட்

குப்பனின் கழுத்து பாதிதான் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மீதிப் பாதி, அரிவாள் போன வழியில் திறந்து கிடந்தது.

1982, தை மாதம். காலை ஏழரை மணி. ஜமுனாமரத்தூருக்கு வெளியே, அவன் வீட்டுக்குப் பின்னால், புளியமரத்தடியில் மல்லாந்து கிடந்தான். பனி இன்னும் விலகவில்லை. சருகெல்லாம் சிவப்பு.

சப்-இன்ஸ்பெக்டர் கண்ணாயிரம் குனிந்து பார்த்தார்.

மொத்தம் மூன்று வெட்டு. முதல் வெட்டு தோளில். இரண்டாவது, தடுக்கப் போன இடது கையில்... இரண்டு விரல்கள் தனியாக ஒரு கல்லின் மேல் கிடந்தன. மூன்றாவதுதான் கழுத்து.

வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது.

ஏட்டு கோபால்சாமி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே கசங்கிய காகிதத் துண்டு. பென்சிலில் வளைந்து வளைந்து ஒரு கோடு. கோட்டின் ஓரம் ஒரு பெருக்கல் குறி.

"சார், சந்தனக் கட்டை கடத்தற வழி. சந்தேகமே வேணாம்."

"எப்பிடிச் சொல்ற?"

"மலைப்பாதை மாதிரி கீது பாருங்க."

"அது மலை இல்ல சார். கடல்."

சொன்னது குப்பனின் மனைவி மங்கம்மாள். நாற்பது வயது. தலையிலிருந்து நழுவிய தண்ணீர்க் குடம் பக்கத்தில் உடைந்து கிடந்தது. அழுது முடித்துவிட்டாளா, இனிமேல்தான் அழப் போகிறாளா... முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"இந்த மலையில ஏதும்மா கடல்?"

"அந்தமான் சார். நானும் அவரும் பன்னெண்டு வருசம் அங்க மரம் வெட்டற கேம்புல இருந்தோம். தீவு மொத்தமும் அவருக்கு அத்துப்படி. எந்தக் கரையில எறங்கலாம், எந்தக் கரையில கால வைக்கக் கூடாது... எல்லாம் தெரியும். அதுக்குத்தான் அந்த ஆளு தேடி வந்தான்."

"எந்த ஆளு?"

"புளி மண்டி ராஜேந்திரன்."

கண்ணாயிரத்துக்கு அவனைத் தெரியும். செங்கத்துக்காரன். மலையில் புளி வாங்கிக் கீழே அனுப்புகிறவன். மனைவி பூங்கோதை இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"அவனுக்கு அந்தமான்ல இன்னா வேலை?"

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஊர் பாக்கப் போறாங்களாம். கப்பல் டிக்கெட் வாங்கியாச்சாம். எந்தெந்த பீச்சுக்குப் போவலாம்னு யோசனை கேட்டு வந்தான். மூணு தபா வந்தான் சார். இவரும் சந்தோசமாத்தான் சொன்னாரு. கார்பின்ஸ் கோவ் போங்க, அலை இருக்காது, பொம்பளைங்க குளிக்கலாம்னாரு. கூட்டமா இருக்கும், வேணான்னுட்டான். தென்னந்துறைன்னு எங்க கேம்புக்காரங்க சொல்ற எடம் ஒண்ணு கீது. இடுப்பளவு தண்ணிதான். அதுவும் வேணாமாம்."

"ஏன்?"

"ஆழம் பத்தலையாம்."

கண்ணாயிரம் நிமிர்ந்தார்.

"சங்குத்துறை?" என்று மங்கம்மாள் தானே கேட்டு, தானே பதில் சொன்னாள். "அங்க மீன் புடிக்கறவங்க நடமாட்டம் கீதாம். வேணாம்னான். கடைசியில பேய்த்துறைக்கு வந்து நின்னான். நாங்க வச்ச பேருதான். பாறை மேல நின்னு ஒரு அடி தப்பா வச்சா பனைமரம் ஆழம். ஒரு ஈ காக்கா இருக்காது. அதைத்தான் படம் போட்டு வாங்கிக்கினு போனான்."

"குப்பனுக்கு சந்தேகம் வரலையா?"

"நேத்து வந்துது. சோத்துல கைய வச்சிக்கினே ஒக்காந்துட்டாரு. 'மங்கா, குளிக்கப் போறவன் கேக்கற கேள்வியா இது? அந்தப் பொண்ணத் தள்ளப் போறான்'னாரு. காலையில அந்த ஆளே ஜீப்ல வந்தான். 'படத்தக் காட்டு, தப்பாப் போட்டுட்டேன்'னு இவரு கேட்டு வாங்கினாரு. நான் ஓடைக்குப் போய்ட்டேன். திரும்பி வர்றப்ப சத்தம் கேட்டுது. 'யாருகிட்ட சொன்னே'ன்னு அவன் கத்தறான். 'உன் பொண்டாட்டிகிட்டயே சொல்லிட்டேன்டா'ன்னு இவரு சொல்றாரு..."

அவள் தலையை ஆட்டினாள்.

"சொல்லவே இல்ல சார். நேத்துலேர்ந்து அவரு வூட்டத் தாண்டல. அவன பயமுறுத்த அப்பிடிச் சொன்னாரு. அவ்ளோதான்... நான் ஓடியாறதுக்குள்ள ஜீப் கெளம்பிடுச்சு."

கண்ணாயிரம் ஏட்டின் தோளைத் தட்டினார்.

"ஏறு வண்டியில. அந்தப் பொண்ணுக்கு விஷயம் தெரியும்னு அவன் நெனைச்சுக்கினு இருக்கான். கப்பல் வரைக்கும் காத்திருக்க மாட்டான்."

ராஜேந்திரனின் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

கூடத்தில் கண்ணாடி வளையல் துண்டுகள். சுவரில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு ரத்தக் கை அச்சு. சின்னக் கை. ஐந்து விரல்களும் கீழ்நோக்கி வழுக்கியிருந்தன. கதவு நிலையில் ஒரு கொத்து நீளமான முடி, தோலோடு பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

மேஜையில் குப்பன் போட்டுக் கொடுத்த தீவுப் படம். ஒரு மூலை கிழிந்திருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"தலைமுடியப் புடிச்சி தரதரன்னு இழுத்துக்கினு போய் ஜீப்புல ஏத்தினான் சார். நான் குறுக்கப் போனேன். அருவாளக் காட்டினான். மூஞ்சியெல்லாம் ரத்தம் அந்தப் பொண்ணுக்கு."

"எந்தப் பக்கம் போனான்?"

"அருவிப் பக்கம்."

போலீஸ் ஜீப் மண் பாதையில் குதித்துக் குதித்து ஓடியது. ஏட்டு கோபால்சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"சார், ஒண்ணு சொல்லணும். இந்தப் பூங்கோதை அவனுக்கு ரெண்டாவது சம்சாரம். மொத சம்சாரம் இவளோட அக்கா, சகுந்தலா."

"அவ எங்க?"

"செத்துட்டா. நாலு வருசம் ஆச்சு. செங்கத்துல அவங்க கெணத்துல பொணமா மெதந்தா. நான்தான் கயிறு கட்டித் தூக்கினேன். நெத்தியில ஒரு காயம் இருந்துது சார். படிக்கட்டுல இடிச்சிருக்கும்னு சொன்னான். பாத்தவங்க யாரும் இல்ல. கேசு மூடியாச்சு."

"அப்புறமும் தங்கச்சியக் குடுத்தாங்களா?"

"அக்கா போனா தங்கச்சி. எங்க பக்கம் வழக்கம்தானே சார். அவளும் மறு பேச்சு பேசாம கழுத்த நீட்டினா. 'எனக்குச் சம்மதம்'னு அவளே சொன்னாளாம்."

கண்ணாயிரம் டிரைவரைப் பார்த்தார்.

"இன்னும் வேகமாப் போப்பா."

அருவி.

மழைக்காலம் முடிந்தும் தண்ணீர் கனமாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. கீழே கருப்பாக ஒரு மடு. மடுவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த பாறையின் விளிம்பில் ராஜேந்திரன் நின்றான். வெள்ளைச் சட்டையில் குப்பனின் ரத்தம். அவன் முன்னால், அவனுக்குக் கேடயமாக, பூங்கோதை.

அவள் இடது கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்து தொங்கியது. கழுத்தில் அரிவாள்.

"கிட்ட வந்தா அறுத்துடுவேன் சார்."

கண்ணாயிரம் ரிவால்வரை நீட்டினார்.

"ராஜேந்திரா. குப்பன் செத்தாச்சு. ஒரு கொலை போதும்."

"நான் வேணும்னு செய்யல. அந்தாளு வாயக் குடுத்தான்."

"மூணு வெட்டு வெட்டிட்டு வேணும்னு செய்யலன்னா எப்பிடி?"

"இவகிட்ட சொல்லிட்டேன்னான் சார். இவள இன்னைக்கு வுட்டா நாளைக்கு ஸ்டேஷன்ல வந்து நிப்பா."

"சகுந்தலாவையும் இப்பிடித்தான் செஞ்சியா?"

ராஜேந்திரன் அரிவாளை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

பூங்கோதை பேசினாள். உடைந்த உதட்டிலிருந்து வார்த்தைகள் ரத்தத்தோடு வந்தன.

"சொல்லுங்க மாமா. சார் கேக்கறாரு இல்ல."

"வாய மூடு."

"சொல்லுங்க. மண்வெட்டிக் காம்பாலயா, கல்லாலயா?"

"வாய மூடுடி..." அரிவாள் அழுந்தியது. அவள் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. "அக்காளும் தங்கச்சியும் ஒரே மாதிரி சார். வேலூர்ல எனக்கு ஒருத்தி கீறா. எவனுக்கு இல்ல? அதுக்கு தெனம் கேள்வி. அக்காக்காரி கேட்டா, கல்லால ஒரே அடி. சத்தமே போடல. இவ கேக்கவே மாட்டா. சும்மா பாத்துக்கினே இருப்பா. அது அதவிட மோசம்."

இடதுபுறப் பாறை மறைவிலிருந்து ஏட்டு கோபால்சாமி பாய்ந்தார்.

தப்புக் கணக்கு.

ராஜேந்திரன் அரை வட்டமாகச் சுழன்றான். அரிவாள் ஏட்டின் முன்னங்கையில் இறங்கி, எலும்பில் இடித்து நின்றது. கோபால்சாமி அலறிக்கொண்டு உருண்டார். காக்கிச் சட்டைக் கை ஒரு நொடியில் நனைந்து கறுத்தது.

டுமீல்.

கண்ணாயிரத்தின் குண்டு ராஜேந்திரனின் காது மடலைப் பிய்த்துக்கொண்டு போனது. அவன் தலையை உதறினான். ரத்தத் துளிகள் பாறையெங்கும் தெறித்தன. அரிவாள் மறுபடி பூங்கோதையின் கழுத்துக்கு வந்துவிட்டது.

"அடுத்தது நெத்தியில" என்றார் கண்ணாயிரம். "உன்னோட கைய விட என் விரல் வேகம். அருவாளப் போடு. கோர்ட்டு இருக்கு, வக்கீல் இருக்காரு. உசுரோட இருந்தாத்தான் எல்லாம்."

ராஜேந்திரன் மூச்சு வாங்கினான். காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது. மடுவை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். முகம் வெளிறியது. உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

பத்து விநாடி.

இருபது விநாடி.

அரிவாள் கீழே விழுந்தது. பாறையில் இரண்டு தடவை குதித்து ஓய்ந்தது.

"கையத் தூக்கு. அம்மா, நீ மெதுவா இப்பிடி வா."

கண்ணாயிரம் விலங்கை எடுக்க இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். கண் ஒரே ஒரு கணம் விலகியது.

நிமிர்ந்தபோது பாறையில் யாரும் இல்லை.

கீழே தண்ணீர் வெடித்தது.

"இழுத்துக்கினு வுழுந்துட்டான் சார்..." ஏட்டு தரையில் கிடந்தபடி கத்தினார். "சார், அந்தப் பொண்ணு..."

கண்ணாயிரம் விளிம்புக்கு ஓடினார். ஆரணிக்காரர். ஏரியில் முழங்கால் வரைக்கும் இறங்கியதோடு சரி; நீந்தத் தெரியாது. கோபால்சாமிக்கு நீந்தத் தெரியும். ஆனால் கை வெட்டுப்பட்டுத் தொங்கியது. டிரைவர் கயிறு எடுக்க ஜீப்புக்கு ஓடினான்.

மடுவின் நடுவில் ஒரு கை மேலே வந்தது. ஆண் கை. காற்றைப் பிடிக்கப் பார்த்தது. போனது.

மறுபடி வந்தது. விரல்கள் விரிந்து, மூடி, விரிந்து... யாரோ கீழேயிருந்து இழுத்ததுபோலச் சட்டென்று உள்ளே போனது.

குமிழிகள்.

அப்புறம் அதுவும் இல்லை. தண்ணீரில் சிவப்பு லேசாகப் பரவி, அருவி நுரையில் கலந்து மறைந்தது.

ஒரு நிமிஷம் ஆனது. கண்ணாயிரம் தொப்பியைக் கழற்றினார்.

"நாம கொஞ்சம் முன்னால வந்திருக்கணும், கோபால்சாமி."

"சார்..."

"ரெண்டு உசுரு. ச்சே."

"சார், அந்தப் பக்கம் பாருங்க."

மடுவின் மறுகரையில், நாணல் ஓரம், ஒரு தலை மேலே வந்தது.

பூங்கோதை.

அவசரப்படாமல் நான்கு கை வீசி, கரையைத் தொட்டு, ஏறி உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

கண்ணாயிரம் பாறைகளைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அவன் எங்க?"

"கீழ."

"உனக்கு நீந்தத் தெரியுமா?"

"கார்த்திகையிலேர்ந்துதான் சார். மங்கம்மாக்கா கத்துக் குடுத்தாங்க. இதே மடுவுலதான். பொம்பளைங்க குளிக்க வர்ற நேரத்துல."

கண்ணாயிரம் அவளையே பார்த்தார்.

"அந்தமான் போவணும்னு மொதல்ல சொன்னது யாரு?"

"நான்தான்."

"கப்பலுக்கு எழுதிப் போட்டது?"

"நான்தான் சார்."

"அவனுக்குத் தண்ணின்னா..."

"எங்கக்கா செத்ததுலேர்ந்து கெணத்துப் பக்கம் தலை வச்சிப் படுக்க மாட்டான். நீந்தத் தெரியாது. ஆனா தள்ளறதுக்கு நீந்தத் தெரியணுமா இன்னா? கடல்னதும் ஒத்துக்கினான். அவன் மனசுல இன்னா ஓடுதுன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு."

"அவன் குப்பனைக் கேட்டான். நீ?"

"மங்கம்மாக்காவக் கேட்டேன். ஆழமா, ஆள் இல்லாம, பாறையா ஒரு எடம். அவங்களும் பேய்த்துறைன்னுதான் சொன்னாங்க. நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் தேடி ஒரே எடத்துக்கு வந்து நின்னோம்." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "குப்பண்ணன் நடுவுல வருவாருன்னு நெனைக்கல சார். எனக்காகப் பேசிட்டுப் போய்ட்டாரு. மங்கம்மாக்கா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

தூரத்தில் டிரைவர் ஏட்டின் கையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான்.

கண்ணாயிரம் குரலைத் தாழ்த்தினார்.

"அவன் அருவாளக் கீழ போட்டுட்டான். சரணடைஞ்சுட்டான். அதுக்கப்புறம் எதுக்கு வுழணும்?"

பூங்கோதை தன் வலது கையைத் திறந்து பார்த்தாள்.

உள்ளங்கையில் ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான், நூலோடு.

அதைத் தண்ணீரில் போட்டாள்.

"பூங்கோதை. நீ நாலு வீச்சுல கரைக்கு வந்தே. அவன் ரெண்டு தபா கையத் தூக்கினான். காப்பாத்தி இருக்கலாமே?"

அவள் எழுந்தாள். வீங்காத ஒரு கண்ணால் சப்-இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்தாள்.

"நீந்தறதுக்கு மட்டும்தான் சார் இதுவரைக்கும் பாடம் நடந்துது. ஆளத் தூக்கிக்கினு நீந்தறது அடுத்த வாரம்னு சொன்னாங்க மங்கம்மாக்கா."