கைக்குட்டை போட்ட இருக்கை

பயணம் மனிதனின் அச்சத்தைக் கொன்றுவிடுகிறது. பொலிவியாவைப் பேருந்துகளிலேயே கடந்து வந்த சேஷாத்ரி, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத் தமிழர்களிடம் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வந்தான். உண்மையில் பொலிவியாவில் அவன் ஏறியது ஒரே ஒரு பேருந்து. மற்றதெல்லாம் விமானம்.

அந்த ஒன்றைப் பற்றித்தான் தமிழ்ச் சங்கத்தில் அன்று உரை. 2006 டிசம்பர், மாலையிலேயே கும்மிருட்டு. மண்டபத்துக்குப் போகும் பேருந்தில் கூட்டம் பிதுங்கியது. ஏறும்போதே தலைகளுக்கு மேலாகக் கைக்குட்டையை வீசிக் காலியாயிருந்த ஓர் இருக்கையைப் பிடித்தான்.

“பொலிவியாவுலயும் இப்படித்தான் ஜன்னல் வழியா போட்டு சீட் புடிச்சேன். பாவம், ஒரு கிழவி ராத்திரி பூரா நின்னுக்கிட்டே வந்தா.”

“பெரிய வீரம்தான் சார்,” என்றாள் கூட வந்த சங்கச் செயலாளர் நிவேதிதா. “போய் உக்காருங்க.”

கைக்குட்டை தட்டையாக விழுந்திருக்கவில்லை. இருக்கைக்கு ஒரு சாண் மேலே, இரண்டு முழங்கால்கள் மீது விரித்தாற்போல் மேடுதட்டி நின்றது. நனைந்த கம்பளியும் டீசலும் பொலிவியாவில் மென்று துப்பும் கோகா இலையும் கலந்த வாடை, ஜன்னல் கண்ணாடியில் படிந்து வழிந்த நீராவியோடு சேர்ந்து மெல்ல அவன் தொண்டைக்குள் இறங்கியது. நெரிசலில் நசுங்கி நின்றவர்கள் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“நான் நிக்கிறேனே.”

“என்ன சார், பயமா? மேடையில சொல்லிடட்டுமா?”

உட்கார்ந்தான்.

மெத்தை இல்லை. மடி. எலும்பு மடி.

பின்னாலிருந்து இரண்டு கைகள் இடுப்பை வளைத்தன. இறுக்கின. ஒரு விலா முறிந்தது. அடுத்தது. கத்தலாம். நிவேதிதா பார்க்கிறாள். சிரித்துவைத்தான். பல்லிடுக்கில் ரத்தம்.

பிறகு கத்தினான். குரல் இல்லை. வாய்க்குள் விரல்கள். கன்னத்தைக் கிழித்து வெளியே வந்தன.

நிவேதிதாவின் பார்வை அவனை ஊடுருவி ஜன்னலுக்குப் போனது. “எங்க போனாரு இந்த மனுஷன்? ஸ்பீச்சுக்கு பயந்து எறங்கிட்டாரா?” முணுமுணுத்தபடி இறங்கிப் போனாள்.

கைக்குட்டை இப்போது அவன் முழங்கால்கள் மீது விரிந்திருந்தது.

ஊன்றுகோலோடு ஒரு ஜெர்மன் மூதாட்டி வந்தாள். கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்துக் கீழே போட்டுவிட்டு, அவன் மீது உட்கார்ந்தாள். மிச்ச எலும்புகள் ஒடிந்தன. இருக்கை சரியில்லை என்பதுபோல் நெளிந்து, நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அவள் காதருகே அவன் வாய் கிழிந்து திறந்தே கிடந்தது. அடியில் கைகள் இன்னும் இறுகின.

அது முதியோருக்கென ஒதுக்கப்பட்ட இருக்கை.