சனிக்கிழமைப் பயணிகள்

யாரியேலாவின் அப்பாவுக்குக் காய்கறி வாங்கத் தெரியாது. அது வெகுகாலம் வீட்டு ரகசியமாகவே இருந்தது. கொரோனா வந்து பனாமா நகரம் மொத்தத்தையும் வீட்டுக்குள் உட்கார வைத்த பிறகு, தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

திங்கள், புதன், வெள்ளி பெண்கள் வெளியே போகலாம். செவ்வாய், வியாழன், சனி ஆண்கள் போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வாசலைத் தாண்டக் கூடாது. போகிற நாளிலும் இரண்டே மணி நேரம்தான். அடையாள அட்டையின் கடைசி எண் எதுவோ, அந்த மணியை ஒட்டிப் போய்விட்டு வந்துவிட வேண்டும்.

அம்மா நொரீஸின் அட்டை மூன்றில் முடிந்தது. மதியம் மூன்று மணிக்கு அம்மாவுக்குத் தலைக்கு மேல் வேலை. அப்பா எவரார்தோவின் அட்டை ஏழில் முடிந்தது. காலை ஏழு மணிக்கு அப்பாவுக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பள்ளியை மூடிவிட்டதால், பேருந்து கீழே மாமரத்தடியில் நின்று காக்கை குருவிகளுக்கு வீடாகிக்கொண்டிருந்தது.

அம்மாவின் வேலை, மின்விசிறி வாங்கியவர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்பது. முன்பு இரண்டு பேருந்து மாறி அலுவலகம் போவார். இப்போது துணி அலமாரிக்குப் போகிறார். துணிகளையெல்லாம் கட்டில்மேல் குவித்துவிட்டு, உள்ளே ஒரு முக்காலி போட்டு, மடியில் கணினியை வைத்துக்கொண்டார். அலமாரிக் கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால், வீட்டில் தும்மக்கூடக் கூடாது.

அம்மாவுக்கு இரண்டு குரல்கள். வீட்டுக் குரல் எதிர்க் கட்டிடத்தின் மூன்றாம் மாடி வரை கேட்கும். அலுவலகக் குரல் தேனில் தோய்த்தது. வீட்டுக் குரலுக்கு யாரும் பயப்படுவதில்லை. அம்மா வீட்டு ஆட்களிடம் அலுவலகக் குரலில் பேசினால்தான் ஆபத்து.

முதல் செவ்வாய்க்கிழமை அம்மா ந்யாமேக் கிழங்கு கேட்டார். அப்பா சேப்பங்கிழங்கு வாங்கி வந்தார். குலாந்த்ரோத் தழை கேட்டார். அப்பா பார்ஸ்லி வாங்கி வந்தார். வறுப்பதற்குப் பச்சை வாழைக்காய் கேட்டதற்கு, தோல் கறுத்துக் கொழகொழவென்று ஆன பழம் வந்தது.

அம்மா பையைத் திறந்து பார்த்தார். பிறகு தேன் குரலில், "தங்கள் முயற்சிக்கு மிக்க நன்றி, ஐயா. வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்றார்.

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. வியாழக்கிழமை இன்னும் கவனமாகப் போனார். மரவள்ளிக்கிழங்கும் இன்னொரு கட்டுப் பார்ஸ்லியும் வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பிறந்தநாள். கேக் வேண்டாம், பரிசு வேண்டாம், ஒரு கிண்ணம் நல்ல சங்கோச்சோ சூப் போதும் என்று அம்மா சொல்லியிருந்தார். கோழி தயாராகக் குளிர்பெட்டியில் இருந்தது. ஆனால் ந்யாமே கரைந்தால்தான் சூப் கெட்டியாகும். குலாந்த்ரோ விழுந்தால்தான் வாசனை வரும். இரண்டும் இல்லையென்றால் அதற்குப் பெயர் சங்கோச்சோ இல்லை, கோழி குளித்த தண்ணீர். சனிக்கிழமை தவறினால் மறுநாள் கடையும் இல்லை, வெளியே போக வழியும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா பால்கனியில் நின்று பேருந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்திரண்டு புள்ளைங்கள ஏத்தி இறக்குறேன், யாரி. ஒருநாளாவது ஒருத்தன வேற வீட்ல இறக்கியிருக்கேனா? ஒரு கிழங்கு எனக்குப் பிடிபட மாட்டேங்குது."

யாரியேலாவுக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அவங்கள மட்டும் எப்படிப்பா ஞாபகம் வச்சுக்கறீங்க? பேரச் சொல்லியா?"

"பேர் எதுக்கு? ஆளப் பாத்தாலே தெரியும். ரிக்கார்தே இருக்கானே, தலையே சீவ மாட்டான். எப்பப் பாரு மூக்கு ஒழுகும். எத்கார்தோ கோடு போட்ட சட்டைய விட்டா வேற போட மாட்டான். சுலெய்கா நெட்டையா இருப்பா, சிரிச்சா பல்லுல கம்பி தெரியும்."

யாரியேலா மேலே கேட்கவில்லை. நோட்டுப் புத்தகத்தையும் வண்ணப் பென்சில்களையும் தேடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சனிக்கிழமை காலை அப்பாவின் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் அவருடைய பேருந்தையே யாரியேலா வரைந்திருந்தாள். இருக்கைக்கு ஒரு காய். கரடுமுரடான உடம்பும் சீவாத முடி மாதிரி வேருமாக இருந்தது ந்யாமே. அதன் கீழே 'ரிக்கார்தே' என்று எழுதியிருந்தாள். ஓரமெல்லாம் ரம்பப் பல் வைத்த நீண்ட இலை குலாந்த்ரோ, அது சுலெய்கா. பேருந்துக்கு வெளியே இரண்டு பேர் நின்றார்கள். உடம்பெல்லாம் கோடு போட்ட சேப்பங்கிழங்கு எத்கார்தோ: 'இன்று லீவு.' சுருட்டை முடிப் பார்ஸ்லி: 'வேறு பள்ளி. எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்றக் கூடாது.'

அப்பா தாளைப் படித்தார். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் சிரித்தன.

சோங்கின் காய்கறிக் கடை எதிர்ச்சாரியில்தான் இருந்தது. யாரியேலா பால்கனியிலிருந்து பார்த்தாள். சுண்ணாம்புக் கோடுகளில் ஆண்களாக நின்றார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் வீட்டுக்குப் போன் போட்டு, கடைக்குள் போகும் முன்பே திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை.

பாட வகுப்புக்காக யாரியேலாவிடம் கொடுத்திருந்த போன் அதிர்ந்தது. அப்பாதான். அவருடையது பொத்தான் வைத்த பழைய போன், படம் காட்டாது.

"யாரி, சுலெய்கா ஏறிட்டா. ரிக்கார்தேதான் சிக்கல். சோங் எல்லாத்தையும் துண்டு போட்டு, தோலையும் சீவி வச்சுட்டாரு. தலைமுடி இல்லாம யாரு எவன்னே தெரியல. எனக்கு இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு."

அலமாரிக் கதவில் சிவப்புத் துண்டு தொங்கியது. யாரியேலா வாயைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "தொட்டுப் பாத்தீங்களா?"

"வெள்ளையா ரெண்டு துண்டு இருக்கு. ஒண்ணு காஞ்சு கிடக்கு. இன்னொண்ணு ஐயோ, வழவழன்னு கையில ஒட்டுது."

யாரியேலாவுக்கு வந்த சந்தோஷத்தில் சிவப்புத் துண்டு மறந்துபோயிற்று. "மூக்கு ஒழுகுதாப்பா? அப்ப அவனேதான்! உடனே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க!"

அலமாரிக்குள் பேச்சு நின்றது. பிறகு தேன் குரல் கொஞ்சம் நடுங்கியபடி கேட்டது. "இல்லை மேடம், எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சளி இல்லை. இல்லை, மின்விசிறி வழியாகவெல்லாம் பரவாது. தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்."

கதவு திறந்தது. வீட்டுக் குரல் வெளியே வந்தது.

"மூக்கு ஒழுகுற எவன உங்கப்பா வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றான்? ஊரே பூட்டிக் கிடக்கு, இவனுக்கு விருந்தாளி கேக்குதா?"

அம்மா திட்டித் தீர்த்து, யாரியேலாவுக்குப் பதில் சொல்ல இடம் கிடைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா ஒரு கையில் முகக்கவசத்தையும் மறு கையில் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றார்.

"யாரா இருந்தாலும் அங்கேயே நில்லு!"

அப்பா வாசலிலேயே நின்றார். பையைத் தரையில் வைத்துத் திறந்து காட்டினார்.

"ரிக்கார்தே, சுலெய்கா. ரெண்டு பேரும் பத்திரமா வந்து சேர்ந்துட்டாங்க. எத்கார்தோவ ஏத்தல."

அம்மா குனிந்து பார்த்தார். ந்யாமே, சரியான ந்யாமே. குலாந்த்ரோ, ரம்பப் பல்லோடு. பிறகு அப்பா நீட்டிய தாளை வாங்கி, இருக்கை இருக்கையாகப் படித்தார். துடைப்பம் கையிலிருந்து நழுவியது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அலமாரிக்குள் யாரோ ஒருவர் இணைப்பிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாளைப் பார்த்து வரிசையில் நின்ற நான்கு பேர் சுலெய்காவை வாங்கிப் போனார்கள் என்று அப்பா பிற்பாடு பெருமையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கோச்சோவின் வாசனை பால்கனி வழியாகத் தெருவெங்கும் போனது. அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பரிமாறினார். அம்மாவின் முன்னால் கிண்ணத்தை வைத்துவிட்டு, அலுவலகக் குரலில் கேட்டார். "வாடிக்கையாளர் அவர்களே, எங்கள் சேவை தங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா?"

அம்மா கரண்டியை எடுத்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிண்ணத்தை நீட்டினார். அவருடைய பழைய, அசல் வீட்டுக் குரல் கணீரென்று எழுந்தது.

"எவரார்தோ, இன்னொரு கிண்ணம் ஊத்து. ரிக்கார்தேவ எனக்குப் பெரிய துண்டாப் பாத்துப் போடு!"

எதிர்க் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு ஜன்னல்கள் படாரென்று திறந்தன.