குழாயடிச் செருப்பு

எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசி. வளைகாப்பு முடிந்த கையோடு மகள் ரத்னாவைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு தாண்டவராயன் படப்பையில் பஸ்ஸை விட்டு இறங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. மரவாடி வைத்திருந்த பெரிய மனிதர், ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் நாற்காலி அவருக்குத்தான். மகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடியே வீட்டுக்கு வந்தார்.

அவர் அப்பா கட்டிய வீடு அது. ஏரிக்கரை உவர்மண்ணில் அறுத்த செங்கல். வெயிலில் சுவர் உப்புப் பூக்கும், மழையில் வியர்க்கும். ஊருக்குக் கரண்ட் வந்த புதிதில் மரச்சட்டத்துக்குள் இழுத்த ஒயர், அந்த ஈரத்திலேயே வருஷக்கணக்காக ஊறிக்கொண்டிருந்தது.

கொல்லைக் கதவில் தாழ்ப்பாளோடு பூட்டும் தொங்குவதை ரத்னா பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். குழாயடி பாசி பிடித்து வழுக்குகிறது என்று அம்மா லீலா சொன்னாள். சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

வழுக்கலுக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா?

போன ஐப்பசி வரை அந்தக் குழாயடியில் பாத்திரம் துலக்கியவள் பாஞ்சாலி. "கொழாயத் தொட்டா சுருக்குனு இழுக்குதுங்க" என்று அவள் லீலாவிடம் சொன்னாள், பிறகு அவரிடமும் சொன்னாள். மறுபடி சொன்னபோது தாண்டவராயனுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு குழாயை இறுகப் பிடித்துக் காட்டினார். "எங்க இழுக்குது? வேலைக்கு ஒடம்பு வணங்கலன்னு சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாஞ்சாலி தலை குனிந்துகொண்டாள்.

அவர் காலில் ரப்பர் செருப்பு இருந்தது.

அவள் காலில் எதுவும் இல்லை. பெரிய தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்கும் வழக்கம் அவள் சேரி ஆட்களுக்குக் கிடையாது. தெருமுனைப் புளியமரத்தடியில் கழற்றி விட்டுவிட்டுத்தான் வருவாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவளைத்தான் கரண்ட் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. மோட்டார் போடும்போது அவர் ஒருநாளும் செருப்பில்லாமல் போனதில்லை.

அந்த வாரமே அவள் குழாயடியில் செத்து விழுந்து கிடந்தாள். மார்வலி என்று தாண்டவராயன்தான் முதலில் சொன்னார். பெரிய மனிதர் சொன்னதை ஊரும் அப்படியே சொன்னது. அதன்பிறகு ஒயர்மேனைக் கூப்பிட அவருக்குத் துணிவு வரவில்லை. சுவரைத் திறந்தால் ஊர் வாயையும் திறந்த மாதிரி ஆகிவிடுமே. ஆகவே கதவைப் பூட்டினார். அவர் செய்த பரிகாரம் அவ்வளவுதான், வெட்கக்கேடு.

இந்த மழை தொடங்கியதிலிருந்து ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவருடைய ரப்பர் செருப்பு வீட்டில் தங்குவதில்லை. தேடிப்போனால் புளியமரத்தடியில் கிடக்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டு, ஒழுங்காக, தெருவுக்கு வெளியே பார்த்தபடி. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று லீலாவிடம் சொல்லிக்கொண்டார். எந்த நாய் செருப்பை ஜோடி சேர்த்து வைக்கும்?

ரத்னா வந்த மறுநாள் சாயங்காலம் மழை வலுத்தது. விளக்கு வைக்கும் நேரம். வீடு முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாசனை. அதற்குள் இன்னொரு வாசனையும் வந்தது, புளி போட்டுப் பித்தளை தேய்க்கும் வாசனை.

கொல்லையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

லீலா கோயிலுக்குப் போயிருந்தாள்.

தாண்டவராயன் எழுந்தார். செருப்பைக் காலால் துழாவினார். இல்லை.

கொல்லைக் கதவு திறந்திருந்தது. பூட்டு, பூட்டியபடியே தரையில் கிடந்தது.

குழாயடியில் ரத்னா நின்றாள். வெறுங்கால். கணுக்கால் வரை மழைத்தண்ணீர். குழாயை நோக்கி நீட்டிய வலதுகை அப்படியே காற்றில் நின்றிருந்தது.

"தொடாதே" என்று கத்தினார்.

"அப்பா" என்றாள் ரத்னா, மெல்ல. "கை வரல. யாரோ புடிச்சிக்கினு கீறாங்க."

அவள் மணிக்கட்டைச் சுற்றி வளையல்கள் நசுங்கினாற்போல் ஒதுங்கியிருந்தன. அந்த இடத்தில் சாம்பல் படிந்திருந்தது, பாத்திரம் துலக்குகிறவர்களின் விரல்களில் இருக்கும் சாம்பல்.

அவர் பாய்ந்து மகளைப் பின்னால் இழுத்தார். இழுத்த வேகத்தில் பாசி வழுக்கியது. விழாமலிருக்கக் கையை நீட்டினார். கையில் அகப்பட்டது குழாய்.

சுருக்கென்று இழுத்தது.

இழுத்தது என்பது சின்னச் சொல். எலும்புக்குள் புகுந்து உலுக்கிப் போட்டது. சுவரோரம் போய் விழுந்தார். நாக்கில் இரும்பு ருசித்தது. அப்போது, காதுக்கு வெகு அருகில், யாரோ தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்.

"இழுக்குதுங்களா ஐயா?"

கிண்டல் இல்லை. நிஜமான அக்கறையோடு கேட்ட குரல். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஒயர்மேன் ஜெபதாஸ் வந்தான். மெயினை இறக்கிவிட்டு மரச்சட்டத்தைப் பெயர்த்தான். உள்ளே ஒயர்மேல் இருந்த ரப்பர் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. வெறும் செம்பு, சுவரோடு இறங்கும் இரும்புக் குழாயின்மேல் படுத்திருந்தது. எர்த் என்ற ஒன்று அந்த வீட்டிலேயே இல்லை. ஜெபதாஸ் எல்லாவற்றையும் மாற்றினான், கொல்லையில் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டி எர்த் போட்டான். கிளம்பும்போது, ஈரக்காலோடு தொட்டால் இது ஆளையே அடித்திருக்குமே, இதற்குமுன் யாரும் சொல்லவில்லையா என்று கேட்டான்.

"இல்லப்பா, யாரும் சொல்லல" என்றார் தாண்டவராயன்.

வாய் கூசாமல் வந்துவிட்டது. வந்த பிறகுதான் கூசியது.

விடிந்ததும் செருப்பைக் காணோம். புளியமரத்தடிக்குப் போனார். ஒழுங்காக இருந்தது. அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேயே விட்டுவிட்டுச் சேற்றில் வெறுங்காலோடு சேரிக்கு நடந்தார். அந்த வழியில் கல்லும் முள்ளும் எங்கெங்கே குத்தும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாஞ்சாலியின் புருஷன் கன்னியப்பன் கூரையில் ஓலை செருகிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் பதறி இறங்கினான்.

"கொழாயில கரண்ட் இருந்துச்சு, கன்னியப்பா. அவ சொன்னது நெஜம். நான்தான் பொய் சொன்னேன்."

கன்னியப்பன் ஓலையைக் கீழே வைத்தான்.

"தெரியுமுங்க" என்றான். "உள்ளங்கை கருகிக் கெடந்துச்சு. நாங்கதான குளிப்பாட்டினோம்."

சேரி முழுவதற்கும் ஒரு வருஷமாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டிருக்கிறார்கள். அவள் செருப்பையாவது கொடு, வைத்துக்கொள்கிறேன் என்று ஏதோ உளறினார்.

"அது ஏதுங்க? அவகூடவே வெச்சிப் பொதைச்சிட்டோம். அங்கயாச்சும் போட்டுக்கினு நடக்கட்டும்னு."

தாண்டவராயன் திரும்பி நடந்தார். மழை நின்று லேசாக வெயில் அடித்தது. புளியமரத்தடியில் அவருடைய ரப்பர் செருப்பு விட்ட இடத்திலேயே இருந்தது.

அதன் பக்கத்தில் இன்னொரு ஜோடி. சின்னக் கால்களுக்கானது. அறுந்த வாரில் ஊக்குக் குத்தியிருந்தது. புதைகுழி மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

இரண்டு ஜோடியும் பெரிய தெருவைப் பார்த்தபடி இருந்தன.