வீரய்யாவின் காட்டு நோட்டு

மடுல்சீமை பஸ் என்னை இறக்கிவிட்டபோது பகல் இரண்டு மணிதான். ஆனால் மூடுபனி மாலை ஆறு மணி என்று முடிவு செய்துவிட்டிருந்தது. தேயிலைக்குள் இறங்கும் பாதையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பயமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. என் மனைவி றோசாலி இறந்து மூன்று மாதமாக எனக்கு எதுவுமே தோன்றுவதில்லை. பசி இல்லை, கோபம் இல்லை. அவளை அடக்கம் செய்த அன்றுகூட, ஊரே பார்க்க, கட்டை மாதிரி நின்றேன்.

ஓர் ஆசை மட்டும் மிச்சமிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் அவசரத்துக்கு அடித்த நோட்டுகளை நான் சேர்க்கிறேன். பதுளையில் பள்ளிக்கூடக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற இந்தப் பிலிப்புவுக்கு இதெல்லாம் தேவைதானா என்று றோசாலியே பல தடவை கேட்டிருக்கிறாள். ஜெர்மனியிலிருந்து கப்பல் வருவது நின்றுபோனதும், அங்கே இருந்தவர்கள் கைக்குக் கிடைத்த காகிதத்தில் எல்லாம் பணம் அடித்தார்கள். கடைசிக் காலத்தில் காட்டுக்குள் ஓடிக்கொண்டே, ரப்பர் எழுத்துகளைக் கையால் குத்தி அடித்தவற்றைக் காட்டு நோட்டு என்போம். என் ஆல்பத்தில் அந்த ஒரு உறை மட்டும் காலியாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். றோசாலி வீட்டை விட்டுப் போகவில்லை. விடியற்காலையில் குசினி அடுப்பில் கேத்தல் மூடி கிணுகிணுக்கும். அவள் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசம் வரும். கட்டிலில் அவள் பக்கம் லேசாக அமுங்கும். அவ்வளவுதான். அந்த அவ்வளவை வைத்துக்கொண்டுதான் நான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

மண் சரியும் என்று அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்தவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ஆறு வீடுகளில் ஐந்து காலி. ஆறாவதில் கருப்பம்மா சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். நோட்டின் படத்தை எனக்குப் போனில் அனுப்பியவள் அவருடைய மகள்.

"வாங்க ஐயா. செருப்ப வெளியவே விட்டுருங்க."

மூலையில் ஒரு பலகை. அதன்மேல் மடித்த வெள்ளைத் துணி, பக்கத்தில் ஒரு டம்ளர் சாயத்தண்ணி, பால் விடாத தேநீர். ஆவி பறந்துகொண்டிருந்தது. அறையில் ஈரத் தோலின் நாற்றமும் காய்ச்சல்காரரின் வியர்வை நாற்றமும் கலந்து கிடந்தன.

கருப்பம்மா துணியைப் பிரித்தார். பழுப்புக் காகிதம், கோணலான எழுத்துகள், 1917. ஓரத்தில் ஒரு மடிப்புக்கூட இல்லை.

"எங்க வீட்டுக்காரரோட பாட்டனுக்கு அப்பாங்க. வீரய்யா. தோட்டத்துத் தொரை கூட மூட்டை தூக்க ஆப்பிரிக்கா சண்டைக்குப் போனாரு. ஒடம்பு வரல. சட்டைப் பையில இருந்த இதத்தான் தொரை கொண்டாந்து குடுத்தாரு. இத பாடையில வச்சு, ஒப்பாரி வச்சு, எல்லாக் காரியமும் செஞ்சாங்க. எரிக்கத்தான் யாருக்கும் மனசு வரல."

"அப்ப இந்த நோட்டு…"

"நோட்டு இல்லீங்க. ஆளு."

நான் தலையாட்டினேன். கண் என்னவோ காகிதத்தில் மதிப்பைக் குறைக்கும் ஊசித் துளை இருக்கிறதா என்றுதான் தேடியது.

காசு வேண்டாம் என்றார் கருப்பம்மா. மகள் பிள்ளைத்தாச்சி, பிள்ளை பிறக்கப்போகிற புது வீட்டுக்குச் செத்தவரைக் கூட்டிப்போகக் கூடாது, யாராவது ஏற்றுக்கொண்டால் போதும். ஆனால் அதற்கு ஒரு முறை இருந்தது. கொடுக்கிறவர் கேட்க வேண்டும், வாங்குகிறவர் பதில் சொல்ல வேண்டும். மூன்று தரம்.

"ஐயா வீட்டுல யாராச்சும் இருக்காங்களா? செத்தவங்களையும் சேத்துத்தான் கேக்குறேன். ஒரு வீட்டுல செத்தவங்க ஒருத்தருக்குத்தாங்க எடம்."

ஆமாம் என்றால் துணியை மடித்துவிடுவார். அதோடு, செத்த மனைவி கேத்தல் வைக்கிறாள் என்று முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது?

"ஒருத்தரும் இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா."

"ஒருத்தரும் இல்லை."

மூன்றாம் தரம் மிக மெதுவாகக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. இடம் இருக்கு" என்றேன்.

கருப்பம்மா சாயத்தண்ணியை வாசலில் ஊற்றிவிட்டு, இரண்டு கையாலும் துணியை நீட்டினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த பஸ்ஸில் நல்ல கூட்டம். பசறையில் ஏறியவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். என் பக்கத்து சீட் மட்டும் பதுளை வரை காலியாகவே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை உறையில் போட்டு ஆல்பத்தில் வைத்தேன். இருபத்திரண்டு வருடத் தேடல். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. படுத்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் கேத்தல் சத்தம் கேட்கவில்லை.

தைல வாசமும் இல்லை.

அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் குசினியில் நின்று "றோசாலி" என்று கூப்பிட்டேன். மண்ணெண்ணெய் அடுப்பு, கழுவாத கோப்பை, ஜன்னலில் பனி. பிறகு மெதுவாக ஈரத் தோல் நாற்றம் வந்தது.

அறைக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் அவள் பக்கம் அமுங்கியிருந்தது.

ஆழமாக.

பாரம் தூக்கி வந்த ஒருவர் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டது போல.

கருப்பம்மாவுக்குப் போன் எடுத்தேன். "பொய் சொல்லிட்டேன் தங்கச்சி. எம் பொண்டாட்டி இருந்தா. இப்ப அவளக் காணோம். இத திருப்பி எடுத்துக்கங்க."



"மூணு தரம் கேட்டேனே ஐயா" என்றார். அழுகிறாரா என்று தெரியவில்லை. போன் கட்டாகிவிட்டது.

நோட்டைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். நெருப்புக்குச்சியும் உரசினேன். கை போகவில்லை. இப்படிக் குறையில்லாத காட்டு நோட்டு இன்னொன்று கிடைக்காது என்று அந்த நேரத்திலும் மனசு சொன்னது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது.

அன்று நாலு மணிக்கு மழை பிடித்தது. முன்கதவை யாரோ தட்டினார்கள்.

"ஏங்க."

றோசாலியின் குரல்.

"ஏங்க, கதவத் தெறங்க. நனையுறேன்."

மூன்று மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தேன். பாதி வந்தது.

என் கைமேல் ஒரு கை விழுந்தது.

காய்ப்பு ஏறிய உள்ளங்கை, காய்ச்சலில் கொதிக்கும் கை. அது அவசரப்படவில்லை. தாழ்ப்பாளைப் பழைய இடத்துக்கே தள்ளியது, வீட்டுக்குச் சொந்தக்காரர் அந்தி நேரத்தில் கதவைச் சாத்துவது போல.

அதற்குப் பிறகு மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் அவள் வருகிறாள். ஒவ்வொரு நாளும் நான் கதவுக்கு ஓடுகிறேன். அந்தக் கை எனக்கு முன்னாலேயே தாழ்ப்பாளில் இருக்கிறது. பின்கதவுக்குப் போனால் அங்கேயும் இருக்கிறது. "ஓரமா நிக்கிறியா புள்ள? குளிருதா?" என்று கதவுச் சந்தில் வாயை வைத்துக் கேட்பேன். முதலில் பதில் சொன்னாள். போன வாரம் என் பெயரைத் தப்பாகச் சொன்னாள்.

இன்று "ஏங்க" என்று கூப்பிடவில்லை. வெகுநேரம் தயங்கி நின்றுவிட்டு, மெல்லத் தட்டினாள்.

"ஐயா, மழை விடுற மட்டும் இங்கன ஒதுங்கிக்கட்டுங்களா? யாரு வீடுன்னு தெரியாம வந்துட்டேன்."

"ஒதுங்கிக்கம்மா" என்றேன்.

என் விரல்கள்மேல் இருந்த விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.