அஞ்சலையின் மோட்டார்

சேதுராமன் வாசலில் நின்றபடி, “வருதா?” என்று குரல் கொடுத்தான். கூடத்திலிருந்து, “வந்துருச்சி” என்று பதில் போனது. அவனும் திருப்தியாகப் பொத்தானை விட்டுவிட்டுக் கூரைமேல் நின்ற ஏரியலை அண்ணாந்து பார்த்தான். எல்லாம் சரிதான், ஒன்றைத் தவிர. கூடத்தில் யாருமே இல்லை. பதில் சொல்ல வேண்டிய சிவகாமி வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில், எட்டு மாத வயிற்றோடு, அவனுடைய காக்கிச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

இரண்டு குரலும் அவள் காதில் தெளிவாக விழுந்தன. பெண் குரல், கொஞ்சம் கரகரத்தது, இந்த வீட்டில் பழகிய குரல் போல அலட்டலில்லாமல் வந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். டிவி பெட்டியில் சிங்கப்பூர் ஆள் ஒருவன் புள்ளிப்புள்ளியாகத் தெரிந்தபடி செய்தி வாசித்துக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தாள், கட்டிலுக்கு அடியிலும் குனிய முடியாமல் குனிந்து பார்த்தாள். தையல் மெஷின் எண்ணெயின் வாடை மட்டும் அடித்தது. இரண்டாம் தாரமாகக் கழுத்தை நீட்டியவளுக்குச் சந்தேகம் வருவதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. எவளையோ வீட்டுக்குள் விட்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. காஜா பேராங் கிராமத்தில் அந்த வரிசையிலேயே டிவி இருந்தது சேதுராமன் வீட்டில் மட்டும்தான். ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலை, பாதி விலைக்கு வந்த பழைய பெட்டி. ஏரியலை ஒரு பக்கம் திருப்பினால் சிங்கப்பூர், இன்னொரு பக்கம் திருப்பினால் கோலாலம்பூர். அதற்காக அவன் கூரையேறிக் குழாயை முறுக்குவான், சிவகாமி படத்தைப் பார்த்துக் கீழேயிருந்து கத்துவாள். ஒரு மழை நாளில் அவன் தகரத்தில் வழுக்கி விழப் பார்த்த பிறகு, குழாயின் அடியில் சைக்கிள் சங்கிலியும் பல்சக்கரமும் வைத்து ஒரு மோட்டாரைப் பூட்டினான். வலதுக்கு ஒரு பொத்தான், இடதுக்கு ஒரு பொத்தான். ஏரியல் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே அழுத்தலாம் என்று பொத்தான் பெட்டியை வாசல் கதவுக்கு வெளியே மாட்டினான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த மோட்டார் அஞ்சலையின் தையல் மெஷினிலிருந்து கழற்றியது.

அஞ்சலை அவனுடைய மூத்த மனைவி. நான்கு வருடத்துக்கு முன், ஏழு மாதக் கர்ப்பத்தோடு, ஆயர் குரோ பக்கத்து எஸ்டேட்டில் தாய்வீட்டில் இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையோடு அங்கேயே ரப்பர் மரங்களுக்கு நடுவில் புதைத்தார்கள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டை, ஒரு கை வைத்தும் மறு கை வைக்காமலும், மெஷின் இழுப்பறையில் அப்படியே கிடந்தது. சிவகாமி அதைத் தொட்டதில்லை. அதை எறியச் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

மோட்டார் ஓடிய முதல் நாளே பக்கத்து வீட்டு மீனாச்சி வேலியோரம் வந்து நின்றாள். செட்டி சமூகத்துப் பெண், பரம்பரையாக இந்தக் கம்பத்தில், இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய்.

“இத்து பாராங் சியாப்பா புஞா?” என்று கூரையைக் காட்டி, அது யாருடைய சாமான் என்று கேட்டாள். சிவகாமி சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. அந்தச் சத்தம் தனக்குப் பழக்கம் என்றாள். அஞ்சலை தைக்கும்போது இப்படித்தானாம். மூன்று தடவை ஓட்டுவாள், துணியைச் சரிசெய்ய நிறுத்துவாள், மறுபடி மூன்று தடவை. பலகைச் சுவருக்குத் தன் வீட்டுப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டுக்கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டதாம்.

அதற்குப் பிறகு சிவகாமியின் காதும் எண்ண ஆரம்பித்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில், சட்டியில் வெங்காயம் வதங்கும் சத்தத்துக்கும் பக்கத்துத் தெரு சுராப் பள்ளிவாசலிலிருந்து வரும் பாங்கு ஓசைக்கும் நடுவே, கூரையில் கிர்ரென்று ஒரு ஓட்டம் கேட்கும், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று, அதோடு நின்றுவிடும். அகப்பையோடு வெளியே ஓடி வந்து பார்ப்பாள். பொத்தான் பெட்டிக்குப் பக்கத்தில் ஆள் இருக்காது. ஏரியல் சிங்கப்பூரையும் பார்க்காமல் கோலாலம்பூரையும் பார்க்காமல், இரண்டுக்கும் நடுவில் ஆயர் குரோ திக்கைப் பார்த்து நிற்கும்.

மீனாச்சியின் பையன்கள் விளையாடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டாள். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் காவல் உட்கார்ந்ததில் அது இல்லையென்று ஆனது. பிறகு புருஷன் மேல் சந்தேகம் வந்தது. கடையிலிருந்தே வேறு கம்பி போட்டுத் திருப்புகிறானோ, செத்தவள் படுத்திருக்கும் திக்கைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசையோ என்று மனசு குடைந்தது. வெட்கக்கேடான பொறாமைதான். மண்ணுக்குள் போனவளிடம் போய்ப் பங்காளிச் சண்டை. ஆனால் அதற்கும் அடியில் ஒரு பயம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கூரையில் அந்த மூன்று ஓட்டம் கேட்கும்போதெல்லாம் வயிற்றுப் பிள்ளை உதைப்பதை நிறுத்திவிடும். யாரோ கூப்பிட்டதற்குக் காது கொடுப்பதுபோல அசையாமல் கிடக்கும்.

போகிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சொல்லியேவிட்டாள். “அன்னிக்கு வருதான்னு கேட்டீங்களே, பதில் சொன்னது நான் இல்லீங்க. நான் கிணத்தடியில இருந்தேன்.”

சேதுராமன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. பின்னே யார் என்று கேட்பான் என எதிர்பார்த்தாள். அவன் கேட்கவே இல்லை.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “அவ சாமான அவளக் கேக்காம எடுத்துட்டேன் புள்ள,” என்றான். “போகிக்குப் படையல் வச்சிக் கேட்டுக்குவோம். வந்து சாப்பிட்டுட்டுப் போயிடுவா.”

போகியன்று மீனாச்சி வீட்டிலும் முன்னோருக்குப் படையல். காலையில் பலகாரம் கொடுக்க வந்தவள், தங்கள் வீட்டுப் பின்ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பதைப் பற்றி ஏதோ மலாயில் சொன்னாள். வருகிறவர்கள் எந்த வழியில் வருகிறார்களோ அந்த வழியில்தான் திரும்பிப் போவார்களாம், படையல் முடியும்வரை அந்த ஜாலானை அடைக்கவே கூடாதாம். சிவகாமி முறுக்கைப் பிழிந்துகொண்டு, தலையாட்டிவிட்டு மறந்துபோனாள்.

சாயங்காலம் டிவியை அணைத்துத் துணி போர்த்தினார்கள். கூடத்தில் தலைவாழை இலை போட்டு, சோறு, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, பாயசம் எல்லாம் வைத்து, பக்கத்தில் சிவப்புச் சேலையும் வெற்றிலை பாக்கும் வைத்தான். சிவகாமி இழுப்பறையிலிருந்து அந்த ஒற்றைக்கைச் சட்டையை இரண்டு விரலால் எடுத்து வந்து சேலைமேல் போட்டாள். உன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விடு, என்னுடையதைத் தொடாதே என்று மனசுக்குள் சொன்னாள். விளக்கேற்றிக் கதவைச் சாத்தி, இரண்டு பேரும் வெளியே வந்து நின்றார்கள்.

கிர்ர். கிர்ர். கிர்ர்.

ஏரியல் தானாகத் திரும்பி ஆயர் குரோவைப் பார்த்து நின்றது. சேதுராமன் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். வாசல்படியில் தெளிக்க வேண்டிய தண்ணீரை மறந்துவிட்டதாகச் சொல்லிச் செம்போடு கிணற்றடிக்குப் போனான்.

சிவகாமி தனியாக நின்றாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எங்கோ பழைய பாய் எரிகிற புகை. சாத்திய கதவுக்குப் பின்னால் இலை சரசரத்தது. எலியாக இருக்கலாம் என்று நினைத்தாள். வளையல் உரசியது. எலிக்கு ஏது வளையல்.

வந்துவிட்டாள். சாப்பிடுகிறாள். சாப்பிட்டுவிட்டுப் போவாளா? சோற்றுக்காகவா வந்தாள்? பெறாத பிள்ளைக்காக நான்கு வருடம் ஏங்கிக் கிடந்தவள்.

வயிற்றில் கை வைத்தாள். அசைவில்லை. மத்தியானத்திலிருந்தே அசைவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆத்திரம் வந்தது. பயத்தைவிடப் பெரிய ஆத்திரம். இந்தப் பிள்ளையை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அவளை இங்கே கொண்டு வந்து சேர்ப்பது அந்த ஏரியல்தானே? அதைத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. பெட்டியிலிருந்த வலது பொத்தானைக் கட்டைவிரல் வலிக்க அழுத்தினாள்.

மோட்டார் ஓடியது. ஏரியல் மெல்லத் திரும்பி, ஆயர் குரோவை விட்டு விலகி, சிங்கப்பூருக்கு நேராக நின்றது.

உள்ளே வளையல் சத்தம் நின்றது.

ஜெயித்துவிட்டோம் என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள், கதவுக்கு மறுபக்கத்தில், அவள் காதுக்கு நேராக, கரகரத்த குரல் கேட்டது.

“ஏன் திருப்புன?”

அவள் பொத்தானை விட்டுப் பின்வாங்கினாள். சேதுராமன் தண்ணீரோடு வந்தான், வாசல்படியில் தெளித்து, மூன்று தடவை கைதட்டி, கதவைத் திறந்தான்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோறு வைத்தபடி இருந்தது. சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. சட்டை மட்டும் இல்லை.

“எடுத்துக்கிட்டா,” என்றான் சேதுராமன். அவன் கண் கலங்கியிருந்தது. “மனசு ஆறிப் போயிட்டா, சிவகாமி.”

போயிட்டாளா? எந்த வழியில் போனாள்? சிவகாமிக்கு மீனாச்சியும் பின்ஜன்னலும் ஞாபகம் வந்தன. திறந்தே வைத்திருந்த அந்த ஜன்னல். அஞ்சலைக்கு அந்த ஏரியல்தான் வந்த ஜாலான். அதை அடைத்தது இந்தக் கட்டைவிரல்.

கிர்ர். கிர்ர். கிர்ர்.

இரண்டு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். ஏரியல் அசையவில்லை. சிங்கப்பூரைப் பார்த்து அப்படியே நின்றது. சேதுராமன் சுவரில் இருந்த மோட்டார் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

கிர்ர். கிர்ர். கிர்ர்.

“எங்கேருந்து வருது?” என்று கூரையையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

சிவகாமி சுவரோடு சாய்ந்து, இரண்டு உள்ளங்கையையும் வயிற்றின்மேல் வைத்திருந்தாள். பிள்ளை உதைக்கவில்லை. தோலுக்கு அடியில் ஊசி ஒன்று நேர்கோட்டில் ஏறி இறங்கியது. மூன்று ஓட்டம். துணியைச் சரிசெய்ய ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. உள்ளே உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், அஞ்சலை அந்தச் சட்டைக்கு மறு கையை வைத்துக்கொண்டிருந்தாள்.