பிளாஸ்க்கில் வந்த புதையல்

வெயில் ஏறுவதற்குள் மூன்று பேர் கூந்தமலை யானைகள் முகாமிலிருந்து காட்டுக்குள் இறங்கினார்கள். அவர்கள் தேடிப் போனது தங்கமும் அல்ல, வைரமும் அல்ல. யானைச் சாணம்! முகாமில் யானைக்கும் பஞ்சமில்லை, சாணத்துக்கும் பஞ்சமில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறார்களே என்று சமையல்காரர் சிரித்தார்.

கால்நடை மருத்துவர் ஜெஸிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தாயைப் பிரிந்து, கூட்டமும் திரும்பச் சேர்த்துக்கொள்ளாமல் முகாமுக்கு வந்த நாலு மாதக் குட்டி யானை தும்பி, குடித்த பாலையெல்லாம் தண்ணீராகக் கழித்துக்கொண்டிருந்தது. எந்த மருந்தும் கேட்கவில்லை. அன்று காலை அதற்குத் தும்பிக்கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை.

முந்தின நாள்தான் அவளுக்கு உறைத்தது. குட்டி யானைகள் இந்த வயதில் தாயின் சாணத்தைத் தின்னும். அது சேட்டை இல்லை, தேவை. இலையையும் புல்லையும் செரிக்கும் பாக்டீரியாக்கள் பிறக்கும்போதே வயிற்றில் இருப்பதில்லை. தாயின் சாணத்திலிருந்தும் மிதிக்கிற மண்ணிலிருந்தும்தான் அவை குடியேற வேண்டும். ஜெஸிந்தாவோ தும்பியின் கொட்டிலை இரண்டு வேளையும் பினாயில் ஊற்றிக் கழுவ வைத்தாள். ஒருமுறை தும்பி பெரிய யானையின் சாணத்தில் வாய் வைத்தபோது, பாகன் கேத்தன் இழுத்து வந்து அதன் வாயைத் துடைத்துவிட்டார். அதையும் அவள்தான் பாராட்டினாள்.

முகாம் யானைகளின் சாணமும் உதவாது. கால் புண்ணுக்காக அத்தனை யானைக்கும் வீரியமான மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அது கெட்ட கிருமியோடு நல்லதையும் கொன்றிருக்கும். மிச்சமிருந்தது ஒரே வழி: தும்பியின் சொந்தக் கூட்டம்.

தடம் பார்த்து முன்னால் நடந்தவள் வனக்காவலர் ரங்கி. காதில் கிழிசலுள்ள பெரிய பெண் யானைதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி என்றும், வெயில் நாளில் உப்பு மண் தின்ன ஓடைப் பள்ளத்துக்கு வரும் என்றும் அவள் சொன்னாள். உண்ணிச் செடிகளை விலக்கி, சரளைச் சரிவில் உட்கார்ந்தே சறுக்கி இறங்கினார்கள். ஓடையைத் தாண்டும்போது ஜெஸிந்தாவின் கால் பாசியில் வழுக்கியது. அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் சாணத்துக்காக வெந்நீர் ஊற்றிக் கழுவிக் கொண்டுவந்த பிளாஸ்க் உள்ளே நொறுங்கிப்போனது.

அந்த பாக்டீரியாக்களுக்குக் காற்று பட்டாலும் ஆகாது, குளிர்ந்தாலும் ஆகாது. இறுக மூடும் பிளாஸ்க் இல்லாமல் போனால் அலைச்சல்தான் மிச்சம். இரண்டு பெண்களும் கூட வந்த கேத்தனின் தோளில் தொங்கிய டீ பிளாஸ்க்கைப் பார்த்தார்கள். அவர் அதை மெல்ல முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார்.

"கேத்தண்ணே, தும்பிக்காக" என்றாள் ரங்கி.

பெருமூச்சோடு மூன்று பேருக்கும் டீயை ஊற்றிக் கொடுத்து பிளாஸ்க்கைக் காலி செய்தார் கேத்தன்.

பள்ளத்தில் கூட்டம் நின்றது. காற்று யானைகளின் பக்கமிருந்து வந்ததால் புதர் மறைவில் உட்கார்ந்து காத்தார்கள். பதறாத காரியம் சிதறாது. யானைகள் ஆற அமர உப்பு மண்ணைத் தின்றுவிட்டு ஒவ்வொன்றாக மூங்கிலுக்குள் போயின. ஈர மண்ணில் ஆவி பறக்கும் சாண உருண்டைகள் கிடந்தன. புதையல்!

மூவரும் ஓசைப்படாமல் இறங்கினார்கள். பிளாஸ்க்கைத் திறக்குமுன், பழக்க தோஷத்தில், ஜெஸிந்தா பையிலிருந்த சானிடைசரைக் கையில் தேய்த்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி அந்த நெடியைக் கூட்டத்தின் பக்கம் கொண்டுபோனது. மூங்கில் விலகி, கிழிந்த காது வெளியே வந்தது. தலைவியின் தும்பிக்கை உயர்ந்து நேராக அவள் பக்கம் வளைந்தது.

"ஓடாதீங்க டாக்டரம்மா. கையை மண்ணுல பொதைங்க" என்றாள் ரங்கி, உதடு அசையாமல்.

ஜெஸிந்தா மண்டியிட்டு இரண்டு கைகளையும் சாணமும் சேறும் கலந்த மண்ணுக்குள் முழங்கை வரை விட்டாள். கேத்தன் மட்டும் வீட்டு யானையிடம் பேசுவதுபோல நிதானமாகப் பேசினார்.

"போ தாயி. உம் புள்ளைக்குத்தான் எடுக்கறோம். நாங்க போயிருவோம்."

தலைவிக்கு அது புரிந்ததோ, நாற்றம் அடங்கியதோ, யாருக்குத் தெரியும்? தும்பிக்கையை இறக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு திரும்பிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. சானிடைசர் தொட்ட கையை ஜெஸிந்தா நம்பவில்லை. ரங்கிதான் உருண்டையைப் பிளந்து, நடுவிலிருந்த வெதுவெதுப்பான சாணத்தைக் காற்று புகாமல் அமுக்கி பிளாஸ்க்கை நிரப்பினாள்.

முகாமுக்கு வந்ததும் ஜெஸிந்தா துளிச் சாணத்தை நுண்ணோக்கியில் வைத்துப் புழு, பூச்சி இல்லை என்று பார்த்துக்கொண்டாள். கொஞ்சத்தைப் பாலில் கரைத்தாள். தும்பி புட்டியைத் தொடவே இல்லை. அவள் மிச்சச் சாணத்தை உள்ளங்கையில் எடுத்து நீட்டினாள். தும்பிக்கை நுனி தடவியது, முகர்ந்தது. தன் கூட்டத்தின் வாசனை தெரிந்திருக்க வேண்டும். குட்டி அவள் கையை வாய்க்குள் இழுத்துச் சப்பத் தொடங்கியது. ஜெஸிந்தா வெட்கப்படாமல் அழுதாள்.

அந்த வாரம் பினாயில் வாசனை கொட்டில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஓடைக்கரை மண்ணைக் கொண்டுவந்து தரையில் பரப்பினார்கள். மெல்ல மெல்லக் கழிச்சல் நின்றது. ஒருநாள் காலை தும்பி புல்லைப் பிடுங்கித் தின்றது. சற்று நேரத்தில் கெட்டியாக, உருண்டையாக ஒன்று தரையில் விழுந்தது. செய்தி பரவி முகாமே அதைப் பார்க்கக் கூடிவிட்டது. கூட்டத்தில் முதல் ஆளாக நின்றவர் சமையல்காரர்.

கேத்தன் கை தானாகத் துடைப்பத்துக்குப் போனது. ஜெஸிந்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கண்ணே. அது அங்கயே கெடக்கட்டும்."