முந்நூறு எண்ணும் பெட்டி

மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. ஃபேன் தளர்ந்து தளர்ந்து நின்றது. ஃபிரிஜ் ஒரு முறை உடம்பை உதறிக்கொண்டு அடங்கியது. மாடிப்படிக்குக் கீழே, சோலார் இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு மட்டும் அணையவில்லை.

ஜானு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதன் முன்னால் வந்து நின்றாள். மந்தைவெளியில் இந்தப் பழைய தனி வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான். கணவர் சுந்தரராமன் போய் ஆறு மாதம். பெண் மஹதி வெளிநாட்டில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு குரல். அந்தப் பெட்டியைப் பொருத்திக் கொடுத்த அம்பியைப் போனில் பிடித்தாள்.

“கரண்ட் இல்லே. பச்சை எரியறதுடா.”

“எரியாது மாமி. தெருவுல கரண்ட் போச்சுன்னா, மாடியில எத்தனை வெயில் அடிச்சாலும் ரெண்டு செகண்டுல அது தானே நின்னுடும். இல்லேன்னா நம்மாத்துக் கரண்ட் தெருவுக்குப் போய், அங்க கேபிள்ல கை வெச்சிண்டிருக்கறவனை எரிச்சுடுமே! இதுல அது மனுஷாளை விட ஜாக்கிரதை.”

அந்தக் கடைசி வார்த்தை அவள் நெஞ்சில் எங்கேயோ இடறியது.

“ஏதோ எண்ணிண்டிருக்குடா. இருநூத்தித் தொண்ணூறு… எண்பத்தொம்பது…”

“அப்போ கரண்ட் திரும்பி வந்துடுத்து. வந்தாலும் உடனே சேராது. முந்நூறு செகண்ட் நிதானம் பார்த்துட்டுத்தான் சேரும்.”

“ஃபேன் சுத்தலையே?”

“எல்லா சுவிட்சையும் அணைச்சுடுங்கோ. நான் வடபழனியில இருக்கேன், ஒரு மணி நேரம் ஆகும்.”

“அதுவரைக்கும் பேசிண்டே இரேன்டா” என்று அவள் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

மாடி சோலார் தகடுகளிலிருந்து கரண்ட் வரும் சுவிட்சை அணைத்தாள். தெருவுக்குக் கரண்ட் போகும் சுவிட்சை அணைத்தாள். மெயினையும் அணைத்தாள். பெட்டி எண்ணிக்கொண்டே இருந்தது. இருநூற்றுப் பத்து.

அது ஒரே ஒரு முறைதான் ஏமாந்தது. போன மழைக்காலத்தில், கரண்ட் இல்லாத இரண்டாம் நாள், சுந்தரராமனின் ஆக்ஸிஜன் மெஷின் நின்று அவர் உதடு நீலம் பாரித்தபோது, வாடகை ஜெனரேட்டரின் வயரைச் சுவர் பிளக்கில் சொருகினாள். மெயினை அணைக்கவில்லை. வீட்டுக்குள் ஓடிய கரண்டைத் தெருக் கரண்ட் என்றே நம்பி, இந்தப் பெட்டியும் முந்நூறு எண்ணி விழித்துக்கொண்டு தெருவுக்கும் கரண்ட் அனுப்பியது. வாசலுக்கு எதிரே, தெருக் கேபிள்கள் வந்து சேரும் இரும்புப் பில்லர் பாக்ஸ். அதைத் தொடுமுன் லைன்மேன் வெள்ளைத்துரை எப்போதும் ஜானுவுக்குக் குரல் கொடுப்பான்.

“மாமி! ஜெனரேட்டர் ஓடிக்கினு கீதே, மெயின் ஆஃப் பண்ட்டீங்கல்ல? கை வெக்கட்டா?”

கணவர் மூக்கில் குழாயைச் சரிசெய்துகொண்டே அவள் கத்தினாள். “வைப்பா!”

இரும்புக் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. ரொம்ப நேரம்.

வெள்ளைத்துரையின் சாவை விசாரிக்க வந்தவர்களிடம், “அணைச்சுட்டுத்தான் சொன்னேன்” என்றாள். மாமி பொய் சொல்வாள் என்று யாருக்குத் தோன்றும்? அடுத்த பத்தாம் நாள் சுந்தரராமனும் போனார். அதற்கப்புறம் வாசலில் நின்று அவளை மாமி என்று கூப்பிட ஆளில்லை.

நாற்பது.

தெருவில் ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. அன்றைக்கு வந்த அதே ரப்பர் செருப்பு கருகும் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. பெட்டியின் ரீங்காரம் பல்லில் கூசியது.

இருபது.

“மாமி!”

வாசலிலிருந்து. அதே குரல்.

“மெயின் ஆஃப் பண்ட்டீங்கல்ல?”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வைக்காதேடா, நான் அணைக்கலே. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆறு மாதமாகச் சொல்லாதது. வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“கை வெக்கட்டா மாமி?”

மூன்று. இரண்டு.

சுந்தரராமனின் பூட்டிய அறைக்குள்ளிருந்து அவளுடைய குரல், அன்றைக்கு இருந்த அதே அவசரத்தோடு கத்தியது.

“வைப்பா!”

டக்.

தலைக்கு மேல் ஃபேன் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே, மழையே காணாத சித்திரை வெயிலில், பில்லர் பாக்ஸின் கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கதவுக்குக் கீழே மட்டும் தரை நனைந்திருந்தது. அந்த ஈரத்தில், விறைத்து நுனிவிரலில் நின்ற இரண்டு வெறும் பாதங்கள், மெதுவாக அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பின.